ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

எங்கள் ஊரில் விடிகாலையில் தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டால் அது வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு ஓடிவந்து ஏறுவார்கள். அதனால் எங்கள் கம்பெனியின் முதல் உல்லாசப் பயணத்துக்கு நான் ஏற்பாடு செய்த ஜீப் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாரன் அடித்தபோது, காய் பிரிக்கும் பெண்கள் எல்லோரும் சட்டையும் தூக்குவாளியுமாகவே வந்து நின்றார்கள். சாப்பாடு நாங்கள் தருகிறோம், இன்றைக்கு விளையாட்டு மட்டும்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன். யாரும் நம்பவில்லை.

"ஜீப்பு அனுப்பிச்சுக் கூப்புட்டு விளையாடச் சொல்ற ஆள நான் இன்னும் பாக்கல," என்றார் அவர்களில் மூத்த அக்கா. "எதுக்கும் சோத்தக் கையில வச்சுக்கிருவோம்."

நான் வேலை பார்ப்பது போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனியில். ஏலத்தில் எடுத்த காயை நிறம், பருமன் பார்த்துப் பிரித்து வெளியூருக்கு அனுப்புவார்கள். பின்கட்டுக் கொட்டகையில் பெண்கள் காயைக் குவித்துவைத்துப் பிரிப்பார்கள். முன்கட்டில் நான் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்ப்பேன். சின்ன முதலாளி பெங்களூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட இளையவர். தன்னை சார் என்று கூப்பிடக் கூடாது என்பார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால் அவரை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எதிரே போய் நிற்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக வெளியே போக வேண்டும், விளையாட வேண்டும், சுற்றியுள்ள ஊர்களுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவர் அறிவித்தார். பொறுப்பு யாருக்கு என்று யோசிக்கக்கூட இல்லை.

"அக்கா, நீங்கதான். எல்லார்ட்டயும் தன்மையாப் பேசுறது நீங்க மட்டுந்தான்."

நான் சரி என்றேன். சொல்லி முடித்த நிமிடத்திலிருந்து, ஏன் சொன்னேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு என்ன சிக்கல் என்று சொல்ல வேண்டும். என் கணவர் மலைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் இறங்கி வருவார், திங்கட்கிழமை முதல் ஜீப்பில் ஏறிவிடுவார். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. ஒவ்வொரு வாரமும் அவளுக்கு அப்பா புதிய ஆள். ஞாயிறு காலையில் என் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிவாள். அவர் வற்புறுத்த மாட்டார். பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்துகொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் உருட்டிவிடுவார். அவள் எடுத்து என்னிடம் கொடுப்பாள். நான் திருப்பி உருட்டுவேன். மூன்று பேருக்கும் நடுவில் அந்தப் பழம் போய்ப் போய் வந்து, வெயில் ஏறுகிற நேரத்தில் அவள் பழத்தை நேராக அவர் கையிலேயே கொடுப்பாள். சாயங்காலம் அவர் தோளைவிட்டு இறங்க மாட்டாள். அதற்கு அந்த முழுப் பகலும் வேண்டும். நடுவில் நானும் வேண்டும். நான் இல்லாமல் அவரிடம் விட்டால் கதவைப் பார்த்து அழுதுகொண்டே இருப்பாள்.

"ஒங்க ஆபீசுல ஞாயித்துக்கெழமையும் ஏலம் போடுறாகளோ?" என்று மட்டும் கேட்டார் என் மாமியார். வாரம் முழுக்க மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அதனால் அவர் கேட்டால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நான் ஒரு முடிவோடுதான் கிளம்பினேன். கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும், அப்போது முதலாளி தொழிலாளி கிடையாது, என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சின்ன முதலாளி சொல்லியிருந்தார். கேட்க வேண்டியதை நான் தயார் செய்துவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஒரு வேலை நாளில் வைத்துக்கொள்ளலாமா. இவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போது, பஸ்சில், ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். 'வேண்டாம்' என்பது கொஞ்சம் கடுமையோ என்று 'வசதிப்படுமா' என்று மாற்றினேன். பிறகு அது கெஞ்சுவதுபோல இருக்கிறதே என்று பழையபடி ஆக்கினேன்.

ஜீப் கிளம்புமுன் சின்ன முதலாளி எல்லோருக்கும் பச்சை டீசர்ட் கொடுத்தார். மார்பில் ஏலக்காய் படம். முதுகில் 'நாம் ஒரே குடும்பம்'. பெண்கள் அதைப் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள்.

"சட்டைக்கு மேல சட்டை. ரெண்டாள் சோலி இன்னைக்கு," என்றார் மூத்த அக்கா. ஜீப் முந்தல் தாண்டும்வரை சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே, மகள் எழுந்திருப்பாள், தேடுவாள் என்ற நினைப்பும் ஓடியது.

நாங்கள் நல்லது செய்யப் போனது குரங்கணி பக்கம் ஓர் அங்கன்வாடிக்கு. சுவரில் படம் வரைந்து கொடுப்பதாகத் திட்டம். வியாழக்கிழமை அந்த டீச்சருக்கு நான்தான் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை திறந்துவைக்க முடியுமா, பிள்ளைகளை வரச்சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தேன். "சரிங்க மேடம்," என்றார் உடனே. ஒரு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது.

போய்ப் பார்த்தால் சுவரில் ஏற்கெனவே பெரிய யானை ஒன்று நின்றது. வண்ணம் இன்னும் மங்கவில்லை.

"இது எப்ப வரைஞ்சது டீச்சர்?"

"போன மாசம் ஒரு பேங்க்ல இருந்து வந்தாக மேடம். அதுக்கு முந்தி காலேஜ்காரவுக மீன் வரைஞ்சாக. அதுக்கு மேலதான் இந்த யானை. ஜீப்பு வந்து திரும்புற எடத்துல இருக்கிறது இந்த ஒரு செவருதான."

சின்ன முதலாளி கொஞ்சம் யோசித்தார். பிறகு, வெள்ளையடித்துவிட்டு நாம் புதிதாக வரையலாம் என்றார். பிள்ளைகள் தலை சீவி, பவுடர் பூசி, வரிசையாக உட்கார்ந்து யானை கொஞ்சம் கொஞ்சமாக மறைவதைப் பார்த்தார்கள். தும்பிக்கை மறையும்போது ஒருவன் மட்டும் "யான" என்றான்.

டீச்சர் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும். தலை எண்ணெய் காணாமல் செம்பட்டையாகப் பறந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டதும் அவர் கையால் அந்த முடியைப் படிய வைத்தார்.

"ஞாயித்துக்கெழமைதான் இவளுக்கு எண்ண தேச்சுத் தலைக்கு ஊத்துவேன் மேடம். மத்த நாளு நேரம் எங்க இருக்கு?"

குறை சொல்லும் தொனியே இல்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் வியாழக்கிழமை கேட்ட 'சரிங்க மேடம்' மறுபடி காதில் விழுந்தது. நான் சின்ன முதலாளியிடம் சொன்ன 'சரி' எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. அதே மாதிரிதான், உடனே, தயக்கமில்லாமல்.

"எங்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"நல்லது செய்ய வர்றவுகள எப்புடி மேடம் வேண்டாம்ங்கிறது?" என்று சிரித்தார்.

நான் ஒரு மயில் வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நன்றாக வரைவேன். தோகையை முடிக்கும்வரை அந்தக் குழந்தை என் பக்கத்திலேயே நின்று, தூரிகை போகும் இடமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் மட்டும் எனக்கு மனதில் எந்தக் கேள்வியும் ஓடவில்லை. அதற்காகவும் பிறகு சங்கடப்பட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம்பிக்கை வளருமாம்.

"எதுக்கு விழணும்?" என்று மூத்த அக்கா கேட்டார்.

"நாங்க பிடிப்போம்ல அக்கா."

"பிடிக்கிறதா இருந்தா நின்னபடியே பிடிங்களேன்."

"விழுந்தாத்தான் அக்கா தெரியும்."

"என் இடுப்பு ஒருக்க விழுந்தா தெரிய வேண்டியது டாக்டருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சிரிக்க, சின்ன முதலாளியே முன்னால் வந்து விழுந்து காட்டினார். பெண்கள் அவரை மூட்டை பிடிப்பதுபோல லேசாகப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். என் முறை வந்தபோது நானும் விழுந்தேன். விழுகிற மாதிரி சாய்ந்தேன் என்பதே சரி. ஒரு காலைப் பின்னால் ஊன்றித்தான் இருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு வட்டமாக உட்கார்ந்தோம். சின்ன முதலாளி போனைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதை வீடியோவாகப் போடப்போகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூத்த அக்கா, "சோறு நல்லாருந்துச்சு. கறியில உப்புதான் ஒரு கல்லு கூட," என்றார். டீச்சரையும் பேசச் சொன்னார்கள். அவர் குழந்தையை இறக்கிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப சந்தோசம். எல்லாருக்கும் நன்றி," என்றார்.

அடுத்து நான். சின்ன முதலாளி தலைமுடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. காலையிலிருந்து தண்ணீர்க் கேனை எல்லாம் அவர்தான் தூக்கினார். பெண்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் சாப்பிட்டார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா," என்றார்.

"ஞாயித்துக்கிழமை," என்று ஆரம்பித்தேன். ஒரு வாரமாகத் தயார் செய்த வாக்கியத்தின் முதல் வார்த்தை அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைகூட இவங்க எல்லார் கூடவும் இருக்கறது, எனக்கு இன்னொரு வீட்ல இருக்கற மாதிரி இருக்கு."

கை தட்டினார்கள்.

திரும்பும்போது சிக்னல் கிடைத்ததும் சின்ன முதலாளி வீடியோவை, வீட்டு ஆட்களையும் சேர்த்திருந்த கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நான் பெண்களை இறக்கிவிட்டு, மிஞ்சிய சாமான்களை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என் குரல் கேட்டது. எனக்கு இன்னொரு வீட்ல இருக்கற மாதிரி இருக்கு. கைதட்டல். மறுபடியும், ஞாயித்துக்கிழமைகூட.

மகள் என் கணவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். கண் அழுது வீங்கியிருந்தது. அவரை அவள் பார்க்கவில்லை, அவர் பிடித்திருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் அலமாரிக்கு அடியில் கிடந்தது.

"இதப் போட்டாத்தான் அழுகைய நிறுத்துறா," என்றார் அவர். "காலையில இருந்து கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தா."

செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தேன்.

"நல்லாத்தான் பேசியிருக்க," என்றார்.

அதை அவர் எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. கேட்கவும் இல்லை. மகள் என்னைக் கண்டதும் தாவி வந்துவிட்டாள். அவர் மடி காலியாக இருந்தது. விடிந்ததும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். சின்ன முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று, கணவர் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வீட்டில் இருக்கிறார், பிள்ளை அவரிடம் ஒட்ட மாட்டேன் என்கிறாள் என்று சொல்லி முடித்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் அக்கா மொதல்லயே சொல்லல? நான் என்ன ஆளுன்னு நெனச்சீங்க?"

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விட்டுவிடப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து இரண்டு டீசர்ட்டுகளை எடுத்துவந்தார். ஒன்று பெரியது. இன்னொன்று, வீட்டுக் குழந்தைகள் வந்தால் கொடுக்கலாம் என்று அடித்துவைத்திருந்த மிகச் சிறியது. அதிலும் ஏலக்காய், அதிலும் முதுகில் அதே எழுத்து.

"அடுத்த தடவ அண்ணனையும் பாப்பாவையும் கூட்டிட்டு வந்துருங்க. குடும்பம்னா எல்லாருந்தான? அவங்கள வீட்ல விட்டுட்டு நீங்க மட்டும் வந்தது எனக்கே கஷ்டமா இருக்கு. எங்க அப்பாகூட உங்க வீடியோவ ரெண்டு தடவ பாத்தாரு."

வாரம் முழுக்க மலையில் நின்றுவிட்டு இறங்கி வருகிற மனிதர், மறுநாள் மறுபடி ஜீப் ஏறி, பச்சைச் சட்டையில், கண்ணை மூடிப் பின்பக்கமாக விழுவதை நினைத்துப் பார்த்தேன். மகள் இருபது பேருக்கு நடுவில் யாரிடம் போவாள் என்று நினைத்தேன். சின்ன முதலாளி அன்போடுதான் சட்டைகளை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன்.

"அப்படியே அந்த டீச்சருக்கும் ஒரு போன் போட்டுருங்கக்கா. அடுத்த மாசம் அந்தச் செவத்துல கம்பெனி பேரோட பெருசா ஒரு குடும்பம் வரையலாம். மயிலு சின்னதா இருக்கு, போட்டோவுல விழல."

என் இடத்துக்கு வந்து, சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போன் செய்தேன். மணி அடிக்கும்போது, இந்தத் தடவை முடியாது என்று சொல்லிவிடுங்கள் டீச்சர், உங்களால்தான் முடியும், என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிவிட்டால் எனக்கும் ஒரு ஞாயிறு கிடைக்கும்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

"சரிங்க மேடம். தொறந்து வச்சிருறேன்." பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை வைக்கவில்லை. "மேடம், அந்த மயில அழிச்சிருவீகளா?"

"ஏன் டீச்சர்?"

"எம் மகதான். தட்டக் கொண்டு போய் அதுக்கு மொத வாய் ஊட்டிட்டுத்தான் தான் திங்கிறா. செவரெல்லாம் சோத்துப் பருக்கை. அதுக்கு ஆசைப்பட்டுத்தான் ஒழுங்காச் சாப்புடுறா. இருந்தா நல்லாருக்கும்னு பாத்தேன். முடியாதுன்னா பரவால்ல."

இந்த ஏற்பாட்டில் யாரும் என்னிடம் இதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை. அதையும் எவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"அத விட்டுறச் சொல்றேன் டீச்சர்," என்றேன். "நான் கண்டிப்பாச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுச் சின்ன முதலாளியின் அறையைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் கதவு எப்போதுமே திறந்துதான் இருக்கும். எழுந்து போக வேண்டும். மயில் சின்னது, ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது, அதைத் தொடாமல் வரையலாம் என்று சொல்ல வேண்டும். 'தொடாமல்' என்பது கடுமையோ என்று யோசித்தேன். மடியில் இருந்த சின்னச் சட்டையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.