டீச்சர் என்னை உட்கார வைத்த ஆட்டம்

எங்கள் பி.டி. டீச்சர் கபடி ஆட்டம் தொடங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் களம் முழுக்க நடப்பார். பாதத்தில் உறுத்தும் கற்களைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்வார். மண்ணூர்ப் பக்கம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இப்படித்தான். எதிர் அணிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அவருக்கு இருந்ததில்லை.

பத்தாம் வகுப்பில் எங்கள் அணி வட்டார இறுதி ஆட்டம் வரை வந்தது. ரெய்டு போவதில் நான்தான் கெட்டிக்காரி. கடைசி நிமிடங்களில் மூன்று பேர் சேர்ந்து இழுக்க, எப்படியோ நடுக்கோட்டைத் தொட்டேன். பின்மண்டை தரையில் மோதியது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் சமன். சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன். டீச்சர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஓடி வந்து, என் கண்ணையே பார்த்தார்.

"ஸ்கோர் எவ்ளோ, சொல்லு."

சொன்னேன். தவறாகச் சொன்னேன்.

"போதும், வந்து உக்காரு."

"ஒரே ஒரு ரெய்டு டீச்சர், எடுத்துட்டு வந்துடறேன்."

"உக்காருன்னேன்ல."

எனக்குப் பதிலாகப் போனவள் பிடிபட்டாள். தோற்றோம். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த அப்பா கத்தினார்: "இன்னா டீச்சரம்மா, கைக்கு வந்த கப்ப வுட்டுட்டீங்களே! பொண்ணு நல்லாத்தான நின்னுகினு கீது?"

"கப்பு அடுத்த வருசமும் வரும்பா. நீ மொதல்ல ஆட்டோவ கூப்புடு."

ஆட்டோவில் டீச்சர் மடியிலேயே வாந்தி எடுத்தேன். தலைக்குள் லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அப்பா வெளியே போய் டீச்சருக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். நான்தான் உர்ரென்று இருந்தேன். டீச்சர் தினமும் மாலையில் வந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்து என் கையில் வைத்துவிட்டுப் போவார். சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த வருடம் கப்பும் வரவில்லை. முதல் சுற்றிலேயே தோற்றோம்.

இப்போது வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். போன மாதக் கடைசியில், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மேஜை விளிம்பைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றாள். "ஒண்ணுமில்லக்கா, சமாளிச்சிருவேன்" என்றாள். "பிரேக் வரைக்கும் தாங்கட்டும்மா, மாத்தி வுட ஆளில்ல" என்றார் சூப்பர்வைசர். நான் லைனை நிறுத்தினேன். தோளில் தாங்கி அவளை முதலுதவி அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். அன்றைய டார்கெட் போயிற்று. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் எழுப்பி, லைனை நிறுத்தியது யார் என்று கேட்டார்கள். "நான்தான் சார் நிறுத்தினேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கும் என்மேல் கோபம். "என்னாலதானக்கா எல்லாருக்கும் ஏச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் ஓய்வுபெற்றுக் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். அன்று மாலையே அவருக்குப் போன் செய்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அந்தப் பொண்ணு அப்பறமா எதனா சாப்டுச்சா?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை.

போனை வைத்துவிட்டு, இட்லி கட்டி வாங்கிக்கொண்டு அவள் தங்கியிருக்கும் விடுதிக்கு நடந்தேன். என்னைப் பார்க்காமலேயே பொட்டலத்தை வாங்கினாள். முதல் விள்ளலை அவள் வாயில் போட்டுக்கொள்ளும் வரை வாசலிலேயே நின்றேன்.