மூன்றாவது விரிப்பு

என் அக்கா கணவர் கடலூரில் கராத்தே மாஸ்டர், நான் சிதம்பரத்தில். பகலில் அவருக்கு ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேலை, எனக்கு உரக்கடை. சாயங்காலம் ஆனால்தான் வெள்ளை உடை. சிறுவயதில் ஒரே கராத்தே வகுப்பில் அடித்துப் பிடித்துப் பழகியவர்கள் நாங்கள். பிறகுதான் அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆனார். அது வரைக்கும் அண்ணன் என்று கூப்பிட்டவரை மாமா என்று கூப்பிட எனக்குக் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது.

சர்வதேசப் போட்டி ஒன்றைத் தில்லியில் நடத்தப் போவதாகத் தகவல் வந்தபோது நடுவர்கள் பட்டியலில் மாமா பெயரும் இருந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து அதற்கு முன் யாரும் அப்படிப் போனதில்லை. நடுவர் என்றால் கோட்டு போட வேண்டும். மஞ்சக்குப்பத்தில் அளவு கொடுத்துத் தைத்தார். உப்புக்காற்றில் வியர்த்து வழிய அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விறைப்பாக நிற்கவில்லை என்று அக்கா சிரித்தாள்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டு அணிகளை வரவேற்றுக் கூட்டிவந்து, சாப்பாடு, வண்டி பார்க்கிற வேலை. அங்கே சிலருக்குத் தமிழ் தெரியும் என்பதால் மலேசிய அணியை என்னிடம் விட்டார்கள். விமான நிலையத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயிர் கேட்டவர்களுக்குத் தயிர் தேடிக் கொடுத்தேன். அரங்கம் பளபளவென்று இருந்தது. நாட்டுக்கொரு கொடி, ஆட்டம் நடக்கும் விரிப்புக்கொரு கேமரா. எல்லா ஆட்டமும் இணையத்தில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்கு மூன்றாவது விரிப்பு. கடலூரில் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அக்கா வீட்டில் கூடி, டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் கல்லூரி விடுதியிலிருந்து அதற்காகவே வந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் பெண்கள் பிரிவு. மாமா நடுவில் நின்று ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். நான் மலேசியப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் உதை எதிராளியின் தோளில் பட்டது. நிறுத்தச் சொல்லி மாமா கையை உயர்த்தினார். உயர்த்திய கை இறங்குவதற்குள் முழங்கால் மடங்கி அப்படியே குப்புற விழுந்தார். ஏதோ தடுக்கியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

டாக்டர் ஓடிவந்து புரட்டிப்போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். விரிப்பில் யாருக்காவது அடிபட்டு வைத்தியம் நடந்தால், ஆடுகிறவர்கள் ஓரமாகப் போய் முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார வேண்டும் என்பது நாங்கள் சொல்லித்தரும் பழக்கம். அந்த இரண்டு பெண்களும் அப்படியே செய்தார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டியவர் கீழே கிடந்தார். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்கள். ஒருத்தியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து விரிப்புகளில் ஆட்டம் நடந்தது. சிறப்பு விருந்தினர் வரும் நேரம் என்பதால் ஆம்புலன்ஸைப் பின்வாசலுக்கு நகர்த்தியிருந்தார்கள். அதைக் கூப்பிட ஒருவர் ஓட, எந்த வாசல் என்று தெரியாமல் இன்னொருவர் ஓடினார். மேடையில் வரவேற்பு நடனத்துக்குப் பாட்டு சோதித்துப் பார்த்தார்கள். நான் மாமாவின் காலருகே உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தேன். ஏன் அவிழ்த்தேன் என்று தெரியாது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா.

"கேமராவ வேற பக்கம் திருப்பிட்டாங்கடா," என்றாள். "ஒண்ணும் தெரியல. எந்திரிச்சிட்டாரா?"

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பிள்ளைகள் இருந்த வீடு.

"டாக்டர் பாக்குறாருக்கா," என்றேன்.

"எந்திரிச்சிட்டாரான்னு கேட்டேன்."

"இல்லக்கா."

அவள் வைத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. அவர் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. நான் போன் செய்தபோது மகள்தான் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அம்மாவுக்குத் தெரியும் மாமா," என்றாள்.

பிணவறை வாசலில் மலேசிய அணியின் பயிற்சியாளர் என்னோடு நின்றார். அவருக்கும் இந்தி தெரியாது. எங்கெங்கோ போய் ஆளைக் கூட்டிவந்து பேசவைத்தார். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் வந்து வருத்தம் தெரிவித்தார். இரவு விருந்துக்கு முன் ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்படும் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு நாட்டு ஆட்களை வரவழைத்துவிட்டு அவர் என்னதான் செய்வார். ஆனால் அந்த விருந்துக்கு என் அணிக்கு வண்டி எப்போது வரும் என்றும் அவர் என்னிடமே கேட்டார். நானும் பதில் சொன்னேன்.

மறுநாள் மாமாவை விமானத்தில் சென்னைக்கும், அங்கிருந்து புதுச்சேரி வழியாகக் கடலூருக்கும் கொண்டுவந்தேன். தெருமுனையிலேயே பிள்ளைகள் கராத்தே உடையில் வரிசையாக நின்றார்கள். மாமாவுக்கும் அந்த உடையைப் போட்டு, கறுப்பு பெல்ட் கட்டி அனுப்பலாம் என்று மற்ற மாஸ்டர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அக்கா வேண்டாம் என்றாள்.

"வேட்டி கட்டுங்க. வீட்டுல எப்படி இருப்பாரோ அப்படிப் போவட்டும்."

வேட்டிதான் கட்டினோம்.

அதற்குப் பிறகு அவருடைய வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சிதம்பரத்தில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வாரத்தில் சில நாள் கடலூருக்குப் பஸ் ஏறுவேன். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் மட்டும் விடாமல் வந்தார்கள். மற்ற வீடுகளில் பயந்துபோய் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கராத்தே அவரைக் கொல்லவில்லை, நெஞ்சடைப்பு என்று எத்தனை பேரிடம் விளக்க முடியும்? அவர்கள் டிவியில் பார்த்திருந்தார்கள்.

அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது. அந்த ஒளிபரப்பு இணையத்திலேயே கிடந்தது. அவர் விழுகிற இடத்தை மட்டும் வெட்டி யாரோ போனில் பரப்பினார்கள். மகளின் கல்லூரியில் ஒருத்தி அவளிடமே காட்டி, இது எங்கே நடந்தது தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். மகள் ஒரு வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. அதை இணையத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி நான் போட்டி நடத்தியவர்களுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். பல நாட்டு ஆட்டங்கள் அதில் இருப்பதால் எடுக்க முடியாது என்றார்கள். பிறகு, பார்க்கிறோம் என்றார்கள். கடைசியில் ஒரு பெண், வரும் வாரம் எடுத்துவிடுவோம் என்று உறுதியாகச் சொன்னாள்.

அதைச் சொல்லத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எடுக்க வேணாம்னு சொல்லிடு," என்றாள்.

மகள் படுகிற பாட்டைச் சொன்னேன். எல்லாம் தெரியும், அவளிடம் பேசிவிட்டேன் என்றாள்.

"போட்டோ ஜாஸ்தி இருக்குது. குரல் எதுலயும் இல்ல. அதுல 'ஆரம்பி'ன்னு சத்தமா சொல்றாரு பாரு, ஜப்பான் வார்த்தையில. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது. விழுறதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன்."

நான் திரும்பவும் போன் செய்தேன். எடுக்க வேண்டாம் என்றதும் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நிச்சயமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களின் ஆட்டத்தை அன்று சாயங்காலம் வேறு நடுவரை வைத்து முடித்தார்களாம். யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா போனைக் கையில் எடுத்து ஒரு மாதிரி குனிந்தால், அந்தக் குரலைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவேன்.