எமரித் துணியும் நீலப் பல்லும்

1. சட்டைப்பை

செயின்சோவின் செயினைத் தீட்டும் கிரைண்டரை விற்க ஒருவர் வந்தால், இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய சட்டைப்பையைப் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். காரணத்தைக் கேட்ட பின் ஏற்பதா மறுப்பதா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

தேற்றாத்தீவில், பிரதான வீதியோரம் உள்ள, மரம் அரியும் செயின்சோக்களைத் திருத்தும் கடையொன்றில் நான் வேலை செய்கிறேன். பாடசாலைக் காலத்தில் விவாத அணியின் தலைவியாக இருந்தவள். எதிரணியின் முதல் வாக்கியத்திலேயே ஓட்டை தேடப் பழகியவள். அந்தப் பழக்கத்தைக் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நான் உள்ளே நுழையவில்லை. மரம் அரிபவர்கள் எனக்கு ‘நடுவர்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் அதைக் கேலியாக வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டேன்.

கடையின் உரிமையாளர் தவராசா அண்ணன். வட்ட அரத்தைப் பல்லில் வைத்து அவர் தள்ளினால், இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே நீளத்தில் நிற்கும். கல்குடாவிலிருந்துகூடச் செயின்களை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். அந்த மனிதரின் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. இனி அரத்தைத் தொடக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தீட்டாத செயின்கள் சுவர் ஆணிகளில் நிறைந்தன. கிரைண்டர் வாங்காவிட்டால் கடையை மூட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிழையான கிரைண்டரை வாங்கினாலும் மூட வேண்டும் என்பதை நான் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் எரிந்த பல்லுக்கு மீட்சியில்லை. கல் அளவுக்கு மீறி உரசினால் பல் சூடேறி நீலமாகும். நீலம் பிடித்த இடத்தில் உருக்கின் குணம் கெட்டுவிடும். முனை பொரிந்து உதிரும். பிறகு அரம் போட்டாலும் பிடிக்காமல் சறுக்கும். அப்படிக் கெடுவது எங்கள் பொருள் அல்ல, எங்களை நம்பி ஒருவர் தந்துவிட்டுப் போன பிழைப்பு.

மட்டக்களப்பு நகரிலிருந்து நிமலன் என்ற விற்பனையாளர் ஓட்டோவில் ஒரு கிரைண்டரைக் கொண்டுவந்தார். செம்மஞ்சள் நிறம், ஒரு கையால் தூக்கக்கூடிய பாரம். பாரம் குறைவு என்பதை அவர் பெருமையாகச் சொன்னார். செயினைப் பிடித்திருக்கும் இடுக்கியும் பிளாஸ்டிக்தானா என்று நான் கேட்டேன். அவர் வயரைச் செருக இடம் தேடினார்.

செய்து காட்டப் புதுச் செயின் ஒன்று தரும்படி அவர் கேட்டார். புதுச் செயினைத் தீட்டிக் காட்டுவதில் என்ன சாதனை இருக்கிறது? பாவித்த செயின்தான் வேண்டும் என்று நான் நின்றேன். அங்கிருந்த ஞானம் அண்ணன் தன் செயினைக் கழற்றிக் கொடுத்தார். தேற்றாத்தீவில் பனை அரிபவர் அவர். அடுத்த நாள் ஒரு வீட்டின் மேல் சாய்ந்து நின்ற பனையைத் தறிக்க ஒப்புக்கொண்டிருந்தார். அவரிடம் உருப்படியாக இருந்தது அந்த ஒரு செயின்தான்.

கல் சுழன்றது. பொறி பறந்ததைக் கண்டு கூடி நின்றவர்கள் சொக்கிப் போனார்கள். ஒவ்வொரு பல்லும் முடிந்த உடனே நிமலன் சட்டைப்பையிலிருந்து எமரித் துணியை, உப்புத்தாள் போலச் சொரசொரப்பான துணியை, எடுத்து அந்தப் பல்லை ஒரு தேய் தேய்த்தார். பிறகுதான் அடுத்த பல். யாரும் குனிந்து பார்க்கும் முன்பே துணி வந்துவிட்டது. விவாத மேடையில் ஒருவர் தன் கூற்றைச் சொன்ன கையோடு அடுத்த கூற்றுக்குத் தாவினால், நாங்கள் முந்தைய கூற்றைத்தான் பிடித்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் பல்லின் கூர்மையைப் பார்க்க ஒரு வழக்கம் உண்டு. பெருவிரல் நகத்தைப் பல்லின் முனையில் வைத்து இழுப்பார்கள். நகம் சுருளாகச் சீவிக்கொண்டு வந்தால் தீட்டியது சரி. ஞானம் அண்ணன் இழுத்தார். நகம் சீவிக்கொண்டு வந்தது.

“சவரக்கத்தி மாதிரி இரிக்கு,” என்றார்.

அத்துடன் தீர்ப்பு முடிந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள். நகம் அந்தக் கணத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். அடுத்த வெட்டில் அந்த முனை நிற்குமா என்று நகத்துக்கு எப்படித் தெரியும்?

“அண்ணன், அந்தத் துணி என்னத்துக்கு?” என்று நிமலனிடம் கேட்டேன்.

“பிசிறு எடுக்கத்தான் தங்கச்சி. பல்லு வடிவா இரிக்க வேணாமா?”

“வடிவு மறுகா பாப்பம். அடுத்த பல்லத் தீட்டிட்டு, துணி போடாமக் காட்டுங்க.”

“நடுவர் மணியடிச்சிட்டா,” என்றார் ஞானம் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நிமலன் சிரிக்கவில்லை. அவர் தவராசா அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இந்தக் கடைக்கு ஆர் முதலாளி?”

“முதலாளி நான்தான். சந்தேகப்படுறது அவட வேலை. பல்லக் காட்டுங்க,” என்றார் தவராசா அண்ணன்.

அடுத்த பல்லின் முனையில், பிறை வடிவில் நீலம் இருந்தது. நான் அரத்தை எடுத்து அதன் மேல் தள்ளினேன். கண்ணாடியில் வைத்தது போல அரம் வழுக்கிக்கொண்டு போனது. துணி பட்ட பல்லிலும் தள்ளிப் பார்த்தேன். அங்கும் அதே வழுக்கல்தான். துணி நிறத்தை அழித்திருந்தது, கேட்டை அழிக்கவில்லை.

நிமலன் விடவில்லை. வெட்டிக் காட்டுகிறேன் என்று செயினை ஞானம் அண்ணனின் செயின்சோவில் மாட்டினார். கடைக்குப் பின்னால் பிளந்து கிடந்த பனங்குற்றியை அவர் உட்பக்கமாக வெட்டத் தொடங்கினார். பனையின் நடு, சோறு போல மென்மையானது. அதை மொட்டைச் செயினும் வெட்டும். குற்றியைப் புரட்டி, கறுத்த, கடினமான வைரம் உள்ள வெளிப்பக்கத்தில் செயின்சோவை வைக்கச் சொன்னேன். செயின்சோ உறுமியது, புகைந்தது. சீவல் வரவேண்டிய இடத்தில் மா போலத் தூள் கொட்டியது.

ஞானம் அண்ணன் தன் செயினை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். தவராசா அண்ணன் கடையிலிருந்த புதுச் செயினை எடுத்து ஞானம் அண்ணனின் செயின்சோவில் தானே மாட்டிவிட்டார். நிமலன் ஏமாற்றத்தான் வந்தாரா, தன் இயந்திரத்தை உண்மையாகவே நம்பினாரா என்பதை நான் அறியேன். நம்பியவர் எதற்காக முதல் பல்லிலிருந்தே துணியை எடுத்தார் என்ற கேள்வியை மட்டும் நான் கைவிடவில்லை.

2. பேசாத கடைக்காரர்

அடுத்த வாரம் தவராசா அண்ணனும் நானும் நகரத்துக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் வார்ப்பிரும்புடல் கொண்ட கறுப்புக் கிரைண்டர் இருந்தது. கடைக்காரர் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகத்தைத் தந்தது. பேசுபவரிடம் பிடிப்பதற்குச் சொல் கிடைக்கும். பேசாதவரிடம் எதைப் பிடிப்பது?

ஆகவே கேள்விகளை இயந்திரத்திடமே கேட்டேன். இடுக்கியில் செயினை இறுக்கி, பல்லைப் பிடித்து அசைத்தேன், அசையவில்லை. இடப்பல் ஒன்றையும் வலப்பல் ஒன்றையும் கடைக்காரரைத் தீட்டச் சொல்லி, கொண்டுபோன வேர்னியர் அளவுகோலால் அளந்தேன். இரண்டும் ஒரே நீளம். நீளம் மாறினால் செயின்சோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், நேர் வெட்டு விழாது. கடைசியாக அரம். அரம் கரகரவென்று பிடித்தது. கடைக்காரரின் சட்டைப்பையையும் பார்த்தேன். பேனை ஒன்று மட்டும் இருந்தது.

“இவ எங்கட சேட்டுப் பையையும் சோதிக்கிறாவோ?” என்று அவர் கேட்டார். அன்று அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்ற உடன்பாட்டுடன் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

3. நம்பிக்கையான கை

கடையில் அதை மேசையில் பூட்டி, ஆணியில் தொங்கிய செயின்களில் முதலாவதைத் தவராசா அண்ணன் தானே தீட்டினார். முதல் பல் நீலம். இரண்டாவது பல்லும் நீலம்.

“மெசினை மாத்திக் கட்டிட்டானா?” என்று அண்ணன் மெல்லக் கேட்டார். எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான். கல்லைக் கழற்றிப் பார்த்தேன். நகரத்தில் பார்த்த அதே கல். சுழலும் திசையும் மின்சாரமும் சரியாக இருந்தன. சந்தேகிக்க மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. இந்தக் கரையோரத்தில் யாரும் சந்தேகித்திராத ஒன்று.

மூன்றாவது பல்லைத் தீட்டும்போது நான் கல்லைப் பார்க்கவில்லை. அவருடைய தோளைப் பார்த்தேன். கைப்பிடியை இறக்கியதும் தோள் முன்னால் சாய்ந்தது. வலிக்கும் மணிக்கட்டைக் காப்பாற்ற, முழு உடம்பாலும் தள்ளிக்கொண்டிருந்தார். அரத்துக்கு அழுத்தம் வேண்டும். அழுத்தாத அரம் வெட்டாது. கல்லுக்கு அழுத்தமே எதிரி.

“அண்ணன், நீங்க கிரைண்டர்ல அரம் போடுறீங்க,” என்றேன்.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார்.

“கைய வெச்சா அது தன்பாட்டுக்குத் தள்ளுது புள்ள,” என்றார்.

“தொட்டுட்டு எடுங்க. ஆற விட்டுட்டுத் திருப்பித் தொடுங்க.”

எறியவிருந்த பழைய செயின்களை எடுத்து அவர் பழகத் தொடங்கினார். தொடுவார், எடுப்பார், தொடுவார், எடுப்பார். அந்த வழியாக வந்த ஞானம் அண்ணன் வாசலில் நின்று கேட்டார்: “என்னகா இது, செயினத் தீட்டுறீங்களா, உடுக்கு அடிக்கிறீங்களா?” தவராசா அண்ணன் தலை நிமிரவில்லை. திருப்பித் தரும் தவணை முடிவதற்கு முன், ஒரு முழுச் செயினில் எங்கும் நீலமில்லை. இயந்திரம் கடையிலேயே நின்றது.

அதன் பிறகு ஞானம் அண்ணன் தன் செயினைக் கொண்டுவந்தார். தீட்டி முடிந்ததும் வழக்கம் போலப் பெருவிரலை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, விரலை மடக்கிக்கொண்டு, “அரத்தத் தாங்க” என்றார். ஒரு பல்லில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அரம் பிடித்தது. உள்ளங்கையில் விழுந்த இரும்புத் தூளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, செயினைச் செயின்சோவில் மாட்டினார்.

இளையவர்களே, கிரைண்டர் வாங்கும்போது விற்பவரைச் சந்தேகியுங்கள், நகத்தைச் சந்தேகியுங்கள், வெட்டிக் காட்டும் மரத்தின் பக்கத்தைச் சந்தேகியுங்கள். வாங்கி வந்த பிறகு, அதை இயக்கும் கையையும் சந்தேகியுங்கள், அது நீங்கள் மிகவும் மதிக்கும் கையாக இருந்தாலும். எங்கள் கடையில் வட்ட அரம் இப்போது கிரைண்டருக்குப் பக்கத்தில், வாடிக்கையாளரின் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறது. துணி எதுவும் அந்த மேசையில் கிடையாது.