கழற்றி வைத்த சப்பாத்து

அந்தச் சப்பாத்து இரண்டும் சேர்ந்தே என் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் திறந்து குழந்தையின் விரல்கள் வெளியே தெரியும். ஒவ்வொன்றிலும் மூன்று வார்கள். இரண்டையும் ஒரு உலோகத் தண்டு அகலப் பிடித்து வைத்திருக்கும். ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் அதை எடுத்து மேசையில் வைத்தபோது அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வெளியே கதிரைகளில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தது. குழந்தையின் தாயோடு கூட வந்திருந்த மச்சாள், அதாவது கணவனின் மூத்த அக்கா, தன் தோளில் கிடந்த சால்வையை உருவிச் சட்டென்று அந்தச் சப்பாத்தின் மேல் போட்டாள். திருட்டுச் சாமானை மறைக்கிற அவசரம். அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் லண்டன் ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், வைத்தியர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று வாயிலிருந்து வரவே கூடாது. அறைக்குள் பேசப்படுகிற ஒவ்வொரு சொல்லையும், ஏச்சுப்பேச்சானாலும், அப்படியே மாற்றித் தரவேண்டும். வெளியே, நடையில், லிஃப்டில் குடும்பத்தோடு கதைக்கக் கூடாது. இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்தது. வாயைக் கட்டிப்போட்டு வாயாலேயே பிழைக்கிற தொழில் இது.

அந்தத் தாய்க்கு இருபத்து நான்கு வயதிருக்கும். வவுனியாவிலிருந்து கலியாணம் கட்டி வந்து ஒன்றரை வருடம். வடக்கு லண்டன் எட்மண்டனில் கணவனின் அக்கா வீட்டில்தான் குடித்தனம். கணவன் சாமான் கிடங்கொன்றில் மாறி மாறி ஷிப்ட் செய்கிறவன். நான் அவனை இரண்டு முறைதான் கண்டேன், இரண்டு முறையும் "அக்கா சொன்னால் சரி" என்றதைத் தவிர வேறொன்றும் அவன் வாயிலிருந்து வரவில்லை. மச்சாளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தவள். "இன்டர்பிரிட்டர் ஏன்? நான் இருக்கிறன்தானே" என்று முதல்நாளே கேட்டாள். தாயிடம் நேரே பேச வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் ஒழுங்கு என்று பிசியோ பணிவாகச் சொல்லிவிட்டு, என்னைத் தாயின் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்.

பெண்குழந்தை. பத்து நாள். வலது பாதம் உள்ளே மடிந்து, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. பிசியோ அதைத் தன் விரல்களால் மெல்லப் பிடித்து, ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவோம், பிறகு குதிக்கால் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு சப்பாத்து என்று விளக்கினார். யாருடைய பிழையும் இல்லை என்றும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, மச்சாள் தொடங்கிவிட்டாள்.

"கிரகணத்தண்டு குசினிக்கை நிண்டு மரக்கறி வெட்டினவள். நான் அப்பவே சொன்னனான், கேட்டவளோ? எங்கடை பரம்பரையிலை இல்லாத வருத்தம்."

நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிசியோவின் புருவம் மேலே போய்க் கீழே வந்தது. தாய் குனிந்துகொண்டு பிள்ளையின் விரல்களை எண்ணுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்ததாக மச்சாளின் கேள்வி வந்தது, இந்த முறை நேரே ஆங்கிலத்தில். கிழமைக்குக் கிழமை இழுபடாமல் ஒரேயடியாக ஒப்பரேஷன் செய்து நேராக்க முடியாதா? முடியாவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோய்ச் செய்விக்கிறோம். பெரிய ஒப்பரேஷன் செய்த பாதம் வளர வளர விறைத்துப்போகும், நோகும், இந்த முறைதான் பிள்ளைக்கு நல்லது என்று பிசியோ படம் போட்டுக் காட்டினார். "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று தாயைக் கேட்டார். தாய் மச்சாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை நோகாமல் நடக்கவேணும். இந்தப் பிசியோ சொல்லுற மாதிரியே செய்வம்" என்றாள். அன்று அவள் சொன்ன ஒரே வசனம் அதுதான். அதைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆறு கிழமை மாவுக்கட்டு. ஒவ்வொரு புதன்கிழமையும் பழையதை ஊறவைத்துக் கழற்றும்போது உள்ளேயிருந்து கொஞ்சம் நேரான ஒரு பாதம் வந்தது. தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும்! வீட்டில் யாருக்கும் காட்டமுடியாத சந்தோசத்தை அந்த அறைக்குள் வந்து காட்டிவிட்டுப் போவாள். வெட்டும் முடிந்து, கடைசிக் கட்டும் கழற்றி, சப்பாத்துப் போடும் நாள் வந்தது. அன்றுதான் அந்தச் சால்வைக் கூத்து. ஒரு நாளில் இருபத்து மூன்று மணித்தியாலம், மூன்று மாதத்துக்கு. குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். கழற்றி வைத்தால் பாதம் பழையபடி திரும்பிவிடும் என்று பிசியோ மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை சொன்னேன். மச்சாள் தலையைத் தலையை ஆட்டினாள்.

இரண்டு கிழமை கழித்துப் பார்வையிடும் நாளில், மச்சாள் கார் நிறுத்தப் போயிருந்த நேரம் தாய் தள்ளுவண்டியோடு நடையில் நின்றாள். என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"அன்ரி, சப்பாத்தைக் கழட்டுகினம். சின்ன மச்சாளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கு. ஹரோவிலை பெரிய இடம். அவையள் சனி ஞாயிறிலை வந்து போறவை. பிள்ளையின்ரை கால் தெரிஞ்சால் கலியாணம் குழம்பிடும் எண்டு வெள்ளிக்கிழமை மத்தியானமே கழட்டுகினம். வார் பட்ட சிவப்பு மாறவேணுமாம். திங்கட்கிழமைதான் திருப்பிப் போடவிடுகினம்."

வார் பட்ட சிவப்பு மாறவேண்டுமாம்! எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். குழந்தையின் கணுக்காலில் இருக்கிற ஒரு விரற்கடை அடையாளத்தை மாப்பிள்ளையின் தாய் கண்டுவிடுவாள் என்று, ஒரு பிள்ளையின் நடையையே பணயம் வைத்திருக்கிறார்கள். கணவனின் தங்கையான அந்தப் பெண்ணுக்குப் படிப்பிருக்கு, வேலையிருக்கு, வடிவிருக்கு. ஆனால் அண்ணனின் மகளுக்குக் கால் கோணல் என்றால் பெண்ணின் விலை இறங்கிவிடும். கடல் தாண்டி, போர் தாண்டி, அகதி முகாம் தாண்டி வந்த சனம் இந்தக் குப்பையை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கோபப்பட்டு என்ன? உள்ளே போனோம். பிசியோ கேட்டார், "எப்படிப் போகிறது, இருபத்து மூன்று மணித்தியாலமும் போடுகிறீர்களா?" மச்சாள் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் "யெஸ், யெஸ், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். நான் கேள்வியைத் தாயிடம் தமிழில் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "ஓம்" என்றாள். நான் ஆங்கிலத்தில் "யெஸ்" என்றேன். நடையில் கேட்டதை உள்ளே கொண்டுவரக் கூடாது, விதி அப்படி. பிள்ளைக்குக் கேடு வருகிறதென்றால் விதியை மீறிச் சொல்லலாம் என்றும் அதே பயிற்சியில்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வாயில் கொழுக்கட்டை வைத்தமாதிரி இருந்துவிட்டேன். அடுத்த சந்திப்பு ஆறு கிழமைக்குப் பிறகு என்று குறித்துக் கொடுத்தார்கள்.

ஆறு கிழமை கழித்துச் சப்பாத்தைக் கழற்றியபோது பிசியோ பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதி மேலே ஏறியிருந்தது. பாதம் உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது. திரும்பவும் மாவுக்கட்டு, முதலிலிருந்து. "சப்பாத்து ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று கேட்டார். மச்சாள் வாயைத் திறக்கிறாள், அதற்குள் தாய் நிமிர்ந்தாள்.

"நான் போட்டுவிடுறன். இவையள் கழட்டுகினம்" என்றாள் தமிழில், என்னைப் பார்த்து. வெள்ளி முதல் திங்கள் வரை எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மச்சாள் அவள் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தாள். "வாயை மூடிக்கொண்டு இரு. வந்த வழியாலையே உன்னைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரியும்."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், அதே குரலில்.

"என்ன நீங்கள்? தமிழ் ஆள்தானே, இதெல்லாம் சொல்லவேணுமோ?"

அதையும் சொன்னேன்.

"உங்களுக்கு வெக்கமில்லையோ?"

அதையும் சொன்னேன். பிசியோ பேனையை வைத்துவிட்டார். குழந்தை கட்டில்லாத காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. பிறகு பிசியோ மச்சாளை வெளியே காத்திருக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியின் சமூக சேவையாளர் வந்தார். மூன்று மாதத்துக்குள் தாயும் கணவனும் பிள்ளையும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு அறைக்குக் குடிபோனார்கள். சின்ன மச்சாளின் கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்ததாம். மாப்பிள்ளையின் தாய் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாளாம், காலைத் திரும்பியும் பார்க்கவில்லையாம்.

கோயிலில் மச்சாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். குடும்பத்தைப் பிரித்தவள் என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தாள். சொல்லட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவே இருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பெயர் ஊர் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்வேன். "அதையும் சொன்னேன்" என்கிற இடத்தில் எல்லாரும் கைதட்டிச் சிரிப்பார்கள். நடையில் நின்று கதைத்ததை ஒரு நாளும் சொன்னதில்லை. கதைக்கு அது தேவையில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு எலும்பு வைத்தியரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் அதே தாய். பிள்ளைக்கு நாலு வயது. சுட்டி. ஒரு நிமிடம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆனால் வலது பாதத்தின் வெளிவிளிம்பில்தான் ஊன்றி ஓடினாள். இரண்டாம் தரம் கட்டுப்போட்டும் பாதம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது ஒரு தசைநாரை இடம் மாற்றித் தைக்க வேண்டுமாம், ஆறு கிழமை கட்டோடு நடக்காமல் இருக்க வேண்டுமாம். முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருந்தால் இது வந்திராதா என்று நான் கேட்க முடியாது. கேட்டாலும், சில பிள்ளைகளுக்கு எப்படியும் வரும், திட்டமாகச் சொல்ல முடியாது என்றுதான் வைத்தியர் சொல்லுவார். அந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள எனக்கு ஆசைதான்.

தாய் என்னைக் கண்டு சிரித்தாள். "சுகமோ அன்ரி?" என்றாள். பிறகு வைத்தியரிடம் திரும்பி, தானே ஆங்கிலத்தில் கதைக்கப் போவதாகச் சொன்னாள். மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தாளாம். தேவைப்பட்டால் உதவட்டும் என்று வைத்தியர் என்னை இருக்கச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மயக்க மருந்து எவ்வளவு நேரம், தையல் எப்போது வெட்டுவது, பாலர் பாடசாலைக்கு எப்போது அனுப்பலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு தடங்கலும் இல்லை. சந்தோசமாகத்தான் இருந்தது எனக்கு.

பிறகு வைத்தியர் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு, முதல் மூன்று மாதமும் சப்பாத்து ஒழுங்காகப் போட்டதா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் அவள் ஆங்கிலத்தில். குரல் உயரவில்லை. "என் கணவரின் அக்கா கழற்றினார். இரண்டாம் கிழமையே இந்த அம்மாவிடம் நான் சொன்னேன். இவர் உள்ளே வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆறு கிழமை போய்விட்டது."

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். அது உண்மையா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் ஒரு வைத்தியர் என்னையே கேட்ட முதல் கேள்வி அது.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் விளங்காமல் பார்த்தார்.

அவள்தான் அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.