பதினோரு சைபர்

இசக்கிமுருகன் எந்த வீட்டுக்குள் நுழையும் முன்பும் தெருவில் நின்று இரண்டு தடவை செருமுவார். அவருக்கு வேலை மணல் ஈ பிடிப்பது. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் அந்தப் பூச்சி. பறப்பதைவிடத் தத்துவதே அதிகம், சத்தமே கிடையாது. கருங்காய்ச்சலைப் பரப்பக்கூடியது என்பதால், கோவில்பட்டியில் எந்தத் தெருவில் எத்தனை இருக்கிறது என்று பார்க்க சுகாதாரத் துறையில் ஒப்பந்தத்தில் ஆள் போட்டிருந்தார்கள். விடியும் நேரத்தில் ஆட்டுக் கொட்டிலின் மண்சுவர் வெடிப்பில் டார்ச் அடித்து, ரப்பர் குழாயை வாயில் வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் ஈயை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

“கடையில ஈ ஓட்டுதவனப் பாத்திருக்கேன். ஈ புடிச்சுச் சம்பளம் வாங்குத ஆள இப்பத்தான் பாக்கேன்” என்பார் டீக்கடை பரமசிவன். இசக்கிமுருகனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் தெருவுக்கு அவர் முதலில் வந்தது போன வருஷம் ஆடியில். ஐந்தரை மணிக்கு சீனித்தாயின் புறவாசலுக்கு நேராகப் போய்விட்டார். அங்கே சேலை மறைப்புக்குள் மருமகள் சுதாராணி குளித்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மன்னிப்புக் கேட்டார். அன்று ஒரு வீட்டிலும் ஈ பிடிக்கவில்லை.

அதிலிருந்துதான் இந்தச் செருமல். முந்தின நாள் சாயங்காலமே தெருவின் பத்து வீட்டுக்கும் வந்து சொல்லியும் விடுவார். “யக்கா, நாளைக்கு வெள்ளன வாரேன்.”

வருவதற்கு முன் கொட்டிலைக் கழுவவோ புகை போடவோ கூடாது என்பது விதி. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

ஆவணியிலிருந்து ஆனிவரை பதினோரு மாதமும் எங்கள் தெருவுக்கு சைபர். சைபர் விழுந்த தெருவுக்கு மருந்தடிப்பும் கிடையாது.

இந்த ஆடியில் சொல்லிவிட்டுப் போனவர், மறந்து வைத்த டார்ச்சை எடுக்கத் திரும்பி வந்தார். பொழுது சாய்ந்திருந்தது. பத்து வீட்டுப் புறவாசலிலும் புகை. சீனித்தாய் ஓட்டைச் சட்டியில் வேப்பிலையைப் போட்டு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“பொகதான் தம்பி. நீங்க வாரியன்னு சொன்னா கொட்டிலக் கழுவிப் பொக போட்டிருவோம். மூத்தர நாத்தத்துலயா ஒங்கள நிக்க வைக்க?”

“எம்புட்டு நாளாக்கா?”

“நீங்க சொல்லிட்டு வர ஆரம்பிச்சதுல இருந்துதான். பத்து வீட்டுலயும்.”

துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். சுதாராணியின் மகள், இரண்டு வயது, பக்கத்தில் வந்து நின்று காலைச் சொறிந்தாள். முழங்காலுக்குக் கீழே சிவப்புத் தடிப்புகள்.

“என்னமோ கடிக்கி, அண்ணாச்சி. ஒரு வருசமா இப்படித்தான்” என்றாள் சுதாராணி.

அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே விட்டார்.

மறுநாள் வரவில்லை. எட்டு நாள் கழித்து, சொல்லாமல் வந்தார். செருமிவிட்டு, சுதாராணி கூப்பிடும்வரை தெருவிலேயே நின்றார். சீனித்தாய் கொட்டிலில் மட்டும் இருபத்துமூன்று ஈ.

அலுவலகத்தில் அதிகாரி நந்தகோபால் குழாயைத் தூக்கிப் பார்த்தார். “இந்த மாசக் கணக்குல எழுதும். மருந்து வந்துரும்.”

“பழைய சைபர் அம்புட்டும் பொய் சார்.”

“நீரு பொய் எழுதலயேவே. தேடுனீரு, கெடைக்கல. இப்ப அதக் கிண்டுனா ஒப்பந்தம் புதுப்பிக்கையில ஒம்ம பேருதான் அடிபடும்.”

இசக்கிமுருகன் சிவப்புப் பேனா கேட்டார். பதினோரு சைபரையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘முந்தின நாள் புகை போட்டது. கணக்கில் சேராது’ என்று எழுதினார். கடைசியில், ‘முன்கூட்டிச் சொன்னது நான்’ என்றும்.

மருந்தடிக்கிற அன்று அவரும் வந்திருந்தார். சீனித்தாய் முகம் வாடி நின்றாள்.

“நாங்க பொக போட்டதா தம்பி தப்பு?”

“இல்லக்கா. வாரேன்னு நான் சொன்னதுதான்.”

“சொல்லாம வாரது மட்டும் மரியாதையா?”

அவள் கொடுத்த டீயை அவர் குடிக்கவில்லை.

ஆவணியில் வேறு ஆள் வந்தார். செருமாமல் உள்ளே போய் சீனித்தாயிடம் ஏச்சு வாங்கினார். இசக்கிமுருகன் இப்போது தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் வாட்ச்மேன். சைக்கிளில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். அந்தக் குழந்தை வாசலில் நின்றால் இறங்கிவிடுவார். அவள் சிரிப்பாள். அவர் முதலில் அவள் காலைத்தான் பார்ப்பார்.