வாசிக்காமல் விட்ட கடைசிப் பந்தி

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் என்பது கொஞ்சம் பெரிய பெயர். கண்டி நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் ஒடுங்கிய ஒரு அறை, மேசை, இரண்டு கதிரை, ஒரு சீல், அவ்வளவுதான் நான். சிங்களத்தில் எழுதிய பத்திரங்களைத் தமிழ் ஆட்களுக்கு வாசித்துச் சொல்லி, 'முழுவதையும் விளங்கப்படுத்தினேன்' என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பத்திரத்தின் கடைசிப் பந்தி, அந்த நாலைந்து வரி, வந்ததும், "இது எல்லாப் பத்திரத்திலயும் இருக்கிறதுதான்" என்று பேனையை நீட்டிவிடுவோம். வந்தவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த தையல்கார அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தேன். மலைச்சரிவில் அடுத்திருந்த கீழ்வீட்டுக்காரர் வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த மேட்டை வெட்டியதில், இவர் சமைக்கிற குசினிச் சுவர் வெடித்துவிட்டது. சுவரை அவர் திருத்திக் கொடுப்பது, இவர் முறைப்பாட்டை விடுவது என்று சமாதானமானார்கள். மேடு வெட்டியதால் தெரிந்தும் தெரியாமலும் இன்றும் இனியும் வரக்கூடிய எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் கீழ்வீட்டுக்காரரை விடுவிப்பதாகக் கடைசிப் பந்தி சொன்னது. நான் அதை வாசிக்கவில்லை. "பிரச்சினை இதோட முடியுதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"முடிஞ்சா சரிங்க ஐயா" என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மழைக்கு மேடு சரிந்தது. குசினிக்குப் பின்னால் இருந்த நிலம் போய், வீடு விளிம்பில் நின்றது. மண் சரியாமல் தாங்க அணைச்சுவர் கட்டித் தரச் சொல்லி அம்மா வழக்குப் போட்டார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் கடைசிப் பந்தியைக் காட்டி, இவர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றார். தோற்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்.

பத்திரத்தில் என் கையெழுத்து இருந்ததால் எதிர்த்தரப்பே என்னைச் சாட்சிக்கு அழைத்தது. நான் கூண்டில் ஏறியதும் சட்டத்தரணி சிரித்த முகத்தோடு கேட்டார்: "நீங்கள் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டியதாக இந்த அம்மாவே சாட்சி சொல்லிவிட்டார். சரிதானே?"

அவர் அப்படிச் சொல்லியிருப்பது எனக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். ஆமாம் சொல்லுங்க என்பதுபோல் தலையை ஆட்டினார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்கக் கந்தோருக்குக் காகிதம் எழுதித் தருகிற ஆளை எந்தக் காரணத்துக்கும் மாட்டிவிடக் கூடாது என்பது அங்கே பழகிப்போனது. தன் வீடே போகும் நிலையிலும் அவர் எனக்காகப் பொய் சொல்லியிருந்தார்.

'ஆமாம்' என்றால் என் சீல் தப்பும். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன்.

"வாசிக்கவில்லை" என்றேன். நீதிபதி என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. எவ்வளவு அகலமான சொற்களைப் போட்டாலும், கையெழுத்திட்ட நாளில் இருவர் மனதிலும் எந்தச் சண்டை இருந்ததோ அதைத்தான் இப்படியான விடுவிப்புப் பந்தி முடித்துவைக்கும். அன்று இருந்தது வெடித்த சுவர் மட்டும். மேடு சரியும் என்று இருவருமே நினைத்திருக்கவில்லை. ஆகவே அணைச்சுவர் கட்டத்தான் வேண்டும். பத்திரம் முழுவதும் வாசிக்கப்பட்டிருந்தாலும் முடிவு இதுதான் என்றும் நீதிபதி எழுதியிருந்தார். என் சாட்சியம் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை.

வெளியே அம்மாவைத் தேடிப் போனேன். முகத்தில் சந்தோஷம் இருந்தது, கண்ணில் இல்லை.

"என்னையப் பத்தியும் ஏதோ எழுதியிருக்காராமே, என்னாங்க ஐயா அது?"

வேறு வழியில்லை, சொன்னேன். பத்திரம் முழுவதும் வாசிக்கப்பட்டதாக வழக்காளியான அவர் சொன்னது உண்மைக்குப் புறம்பானது என்று தீர்ப்பில் இருந்தது.

"பொய்க்காரின்னுதானே?" என்றார். "நீங்க சொன்னது தப்பில்லைங்க. ஆனா நான் கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி, உள்ளதச் சொல்லப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் உண்மையவே சொல்லியிருப்பேனே."

வழக்கு தொடங்கிய நாளிலிருந்து நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. பயந்து ஒளிந்திருந்தேன்.