பெட்ரோல் மெஷினும் டிரெய்லர் பலகையும்

வண்டி கழுவும் மெஷின் வாங்குவதில் நானும் என் மனைவியும் ஒரு வருஷம் சண்டை போட்டோம். பேட்டரியா, கரண்டா, பெட்ரோலா என்பதுதான் சண்டை. கடைசியில் என் பேச்சுதான் ஜெயித்தது. எதிர்த்துப் பேச அவள் இல்லாததால் ஜெயித்தது. அவள் விட்டுப்போன ஒரு தடத்தை அந்த மெஷினை வைத்தே நான் அழித்தேன். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் கரும்புக் கொல்லை கல்வராயன் மலையடியில் இருக்கிறது. வெட்டுக் காலத்தில் எங்கள் டிராக்டர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும். திரும்பி வரும்போது டயரிலும் டிரெய்லரிலும் செம்மண் அப்பிக்கொண்டிருக்கும். காய்ந்துவிட்டால் லேசில் விடாது. வண்டி ஓட்டுவது நான், கழுவுவது அவள். தென்னந்துடைப்பமும் பக்கெட்டுமாகக் குனிந்து நிமிர்ந்து தேய்ப்பாள். இடுப்பு வலி வந்த பிறகுதான் மெஷின் பேச்சே எழுந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் மூன்றையும் காட்டினார்கள். பேட்டரி மெஷினை அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பக்கெட்டில் குழாயைப் போட்டு விசையை அழுத்தினால் போதும், சத்தமில்லாமல் தண்ணீர் அடித்தது.

"இன்னாங்க, இது போதுங்க. நானே தூக்கிக்கினு போய் கழுவிக்குவேன்" என்றாள்.

"இது பொம்மைடி. நம்ம மண்ணு இதுக்கு அசையுமா?" என்றேன்.

கடைக்காரர் கரண்டில் ஓடுவதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் டிராக்டர் கொட்டகைக்கும் நடுவே களம் கிடக்கிறது. அவ்வளவு தூரம் ஒயரை இழுத்துக்கொண்டு ஈரத்தில் நிற்க இரண்டு பேருக்குமே பயம். நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். என் கண்ணெல்லாம் பெட்ரோல் மெஷின் மேல். கயிற்றை இழுத்ததும் உறுமியது. கடை வாசற்படியில் பல வருஷமாகப் படிந்திருந்த கறுப்பு ஒரே அடியில் போய், சிமெண்ட் வெள்ளையாகத் தெரிந்தது.

"தள்ளி நின்னு அடிக்கணுங்க. கிட்ட போனா பெயிண்டே உரிஞ்சிக்கினு வந்துடும்" என்றார் கடைக்காரர்.

எனக்கு அதுவே பெருமையாகப் பட்டது. அவள் அதைத் தூக்கப் பார்த்து, முடியாமல் வைத்துவிட்டாள். மூன்றில் ஒன்றும் வாங்காமல் வீடு வந்தோம். பஸ்ஸிலும் அதே சண்டைதான்.

பல வருஷம் முன்பு டிராக்டர் வாங்கியபோது மாடுகளை விற்றோம். அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் மாட்டுப் பொங்கல் வந்ததும், கொம்புக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தாள். மாட்டின் மேல் டம்ளரால் வட்டம் குத்துவதுபோல் டிரெய்லரின் பக்கப் பலகையில் குத்தினாள். வருஷா வருஷம் அது நடந்தது. போன பொங்கலுக்கு அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆள் பாதியாகிவிட்டாள். மூன்றாவது வட்டம் குத்தும்போது தலை சுற்றி, பெயிண்ட் வழிந்த கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

நான் என்ன செய்தேன்? ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே, "நல்ல பலகைய பாழாக்கிட்டியே" என்றேன். அவள் சிரித்தாள்.

"கெடக்கட்டும் வுடுங்க. நான் கழுவுன வண்டின்னு அடையாளமா இருக்கட்டும்."

மாசியில் போய்விட்டாள். சுடுகாட்டுக்கு அவளைக் கொண்டுபோனதும் அதே டிரெய்லரில்தான். கரும்பு மண்ணோடு உதிர்ந்த சாமந்தியும் ஒட்டிக்கொண்டு அது கொட்டகையில் நின்றது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு என் தங்கை சொன்னாள்: "அண்ணா, வூடு வாசல் எல்லாம் கழுவி தீட்டு கழிக்கணும். வண்டியயும் உடாம கழுவிடு."

அன்றே கள்ளக்குறிச்சி போய்ப் பெட்ரோல் மெஷினை வாங்கி வந்தேன். அவள் வேண்டாம் என்றதைத்தான் வாங்கினேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். என்னை இப்படித் தனியாக விட்டுப் போனவள் பேச்சை நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று கோபம்.

வீட்டைக் கழுவினேன், களத்தைக் கழுவினேன், பிறகு வண்டிக்கு வந்தேன். மெஷின் போட்ட சத்தத்தில் நான் அழுவது யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் தெறித்து முகமெல்லாம் நனைந்ததால் யாருக்கும் தெரியவும் இல்லை. அந்தப் பதினாலு நாளில் நான் மனம்விட்டு அழுதது அப்போதுதான். கண் மங்கிப்போய், எதைக் கழுவுகிறோம் என்று பார்க்காமல், பலகைக்குக் கிட்டே போய் அடித்துக்கொண்டே இருந்தேன். செம்மண் கரைந்து காலடியில் சிவப்பாக ஓடியது. அதில் எது மண், எது பெயிண்ட் என்று நான் பார்க்கவில்லை.

மெஷினை நிறுத்தியதும், காரியத்துக்கு வந்திருந்த அவள் தம்பி, என் மச்சான், வந்து டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார். "புதுசாட்டம் ஆயிடுச்சே மாமா!" என்றார்.

அவருக்குப் பின்னால் என் மகள் வந்தாள். கையில் போன். பலகைக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கம் பார்த்தாள், சுற்றிப்போய் அந்தப் பக்கம் பார்த்தாள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வந்திருக்கிறாள்.

"ப்பா, அம்மா கை எங்கப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகையில் மரத்தின் ரேகை மட்டும் சுத்தமாக, ஈரமாகத் தெரிந்தது. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "கழுவிட்டேம்மா" என்றேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மெஷினை மச்சானிடமே கொடுத்துவிட்டேன். வண்டியை இப்போது துடைப்பம் போட்டு நானே தேய்க்கிறேன். அந்தப் பலகைக்கு வரும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. அன்று கடையில் அவள் கேட்ட பொம்மையை வாங்கியிருந்தால், அந்தத் தண்ணீர் மண்ணை மட்டும் நனைத்துவிட்டு, அவள் கையைத் தொட்டு வழிந்து போயிருக்கும்.